அறைக்கு ஒரு பானை

சமையலுக்கு வாங்கிய பானைகளைவிடப் பாட்டுக்கு வாங்கிய பானைகள் அதிகமாக இருந்த வீடு உலகத்திலேயே ஒன்றுதான். அது இண்டூரில் எங்கள் பக்கத்து வீடு. வீட்டுக்காரர் யூனியன் ஆபீஸ் குமாஸ்தா. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'பானை ரேடியோ'.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு ரேடியோதான் இருந்தது. பாட்டு எல்லா அறையிலும் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னொரு ரேடியோ வாங்க வசதியில்லை. மைக்செட் கடையில் கழித்துப் போட்ட ஸ்பீக்கர்களைப் பானை வாயில் கட்டி, ஒயர் இழுத்து, அறைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டார்.

"ஏனுங்க, மாதா படத்துக்குப் பக்கத்துலயா பானை?" என்றார் அவர் மனைவி மேரியக்கா.

"மாதா மட்டும் பாட்டு கேக்க வேணாமா?"

குளியலறைப் பானைக்குள் தண்ணீர் போன அன்று, செய்தி வாசித்தவர் வாய் கொப்பளித்துக்கொண்டே வாசித்தார்.

அதோடு விட்டாரா? ஸ்பீக்கரையே மைக்காகவும் மாற்றலாம் என்று யாரோ சொல்ல, ஒரு பழைய ஆம்ப்ளிபயர் பிடித்து வந்து சுவிட்ச் வைத்தார். தட்டினால் சமையலறையில் பேசுவது கூடத்துப் பானையில் கேட்கும்.

அவர் மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்கத் தருமபுரியிலிருந்து வந்தார்கள். விருந்தாளிகளுக்குப் பாட்டு வைக்கிறேன் என்று சுவிட்சை மாற்றித் தட்டிவிட்டார். உதவிக்குப் போன நான் அவர்கள் சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்பள நல்லாத்தாங்க்கா இருக்காரு," என்றாள் ஸ்டெல்லா என்னிடம். "அவங்கம்மாதான் மொறச்சு மொறச்சுப் பாக்குறாங்க. பயமா இருக்கு."

கூடத்தில் பேச்சு நின்றது. அடுத்த நிமிடம் மாப்பிள்ளையின் அம்மாவே சமையலறை வாசற்படியில் நின்றார். ஸ்டெல்லா கையிலிருந்த தட்டு நழுவியது.

"மொறைக்கலம்மா. கண்ணாடிய பஸ்ஸுல வுட்டுட்டு வந்துட்டேன். உம் மொகம் தெரியல, அதான் அப்பிடிப் பாத்தேன்." கிட்டே வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப தெரியுது. எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு, இந்தப் பானைங்க எங்க வூட்டுக்கு வரக்கூடாது."

மகளுக்குச் சீராகக் கொடுக்க புதுப் பானைகளுக்குச் சொல்லி வைத்திருந்தவருக்கு முகம் தொங்கிப் போனது.

பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது. அறையை விட்டு நகரக்கூடாது என்று மாமியார் கட்டளை. ஒருநாள் பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரில் டொக் டொக் என்று சத்தம். துளை விழுந்து ஒயர் எட்டிப் பார்த்தது. பின்னாலேயே வாசல் வழியாகப் பானையோடு பானை ரேடியோ வந்தார்.

"சத்தம் கம்மியாத்தாம்மா வெச்சிருக்கேன். கொழந்த தூங்கோணுமில்ல?"

நாங்கள் அந்த வாடகை வீட்டைக் காலி செய்த அன்று, துளையைப் பார்த்த வீட்டுச் சொந்தக்காரர் யார் வேலை இது என்று கத்தினார்.

நான்தான் என்று சொல்லிவிட்டேன்.