மூன்றடிப் பல்

“இந்தப் பல்லு ஆகாதும்மா” என்றார் பலராமன்.

அவர் பேகோபுரத் தெருவின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனது. அவர் அசையவில்லை.

பல் மூன்றடி உயரம். ஃபைபரில் செய்தது. பளீரென்ற வெள்ளை, கீழே மூன்று வேர், உள்ளே எல்.இ.டி. விளக்கு. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர்ப் பக்கமே வந்துவிட்ட பல் டாக்டர் தென்றல், தன் புதுக் கிளினிக்கின் நெற்றியில் அன்று காலைதான் அதை மாட்டியிருந்தாள்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் யார் கட்டடத்தின் முகப்பை மாற்றினாலும், எந்தப் பலகையை மாட்டினாலும், ‘கோயில் நகர முகப்புக் குழு’ பார்த்துச் சான்று தரவேண்டும். சான்று இல்லாமல் உரிமம் இல்லை. உரிமம் இல்லாமல் திறப்பு விழா இல்லை. குழுவின் தலைவர்தான் பலராமன். ஓய்வுபெற்ற இன்ஜினியர், அதே தெருவில் எட்டு வீடு தள்ளி இருப்பவர். மிகவும் தன்மையான மனிதர். தென்றலுக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தலாம்.

“என்ன சார் ஆகாது?”

“சைஸ் ஜாஸ்தி. கோபுரம் பாக்க வர்றவங்க மொதல்ல பல்லப் பாக்கறாங்க. ஒன்றரை அடியா கொறைச்சிடுங்க.”

“வர்ற வெள்ளிக்கிழமை திறப்பு விழா சார். எங்கப்பா ஊரெல்லாம் பத்திரிகை வெச்சிட்டாரு.”

“அடடா!” என்றார் பலராமன், உண்மையாகவே வருத்தப்பட்டு. “ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்னம்மா? அவசரப்பட்டு எதையும் பண்ணக்கூடாது.”

தென்றலின் அப்பா சடையன் செங்கம் பக்கத்தில் மணிலாக் கடலை போடுகிறவர். அவர் மறுபடியும் பைக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பத்திரிகையில் இருந்த தேதியைப் பேனாவால் அடித்துப் புதுத் தேதி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பலகைக் கடைக்காரர் கலையரசன் நான்கே நாளில் ஒன்றரை அடிப் பல் கொண்டுவந்து மாட்டினார். அதைத் தெருவிலிருந்து பார்த்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. அரை மணி நேரத்தில் மூட்டையோடு ஒருவர் டி.வி.எஸ்.ஸை நிறுத்தினார்.

“பூண்டு மொத்தமா எடுப்பீங்களா?”

“இது பல்லுங்க.”

“அதான், ஒரு பல்லு ரெண்டு பல்லா எல்லாம் குடுக்க மாட்டேன். மூட்டையாத்தான்.”

தென்றல் எட்டு வீடு நடந்து போய் முறையிட்டாள். பலராமன் பொறுமையாகக் கேட்டார். இரண்டு நாள் கழித்து வந்து மறுபடி தெருவின் நடுவில் நின்றார்.

“வெள்ளையா இருக்கறதாலதாம்மா பூண்டு மாதிரி தெரியுது. இந்தத் தெருவுக்குச் சந்தனக் கலர்தான் பொருத்தம். குழுவோட விதியிலயே இருக்குது.”

“பல்லுக்கா சார்? சந்தனக் கலரா?”

“விதியில பல்லுக்குத் தனியா விலக்கு இல்லீங்களே.”

கலையரசன் சந்தன நிறம் இரண்டு கோட் அடித்தார். வெயிலில் காய்ந்ததும் அது பழுப்பு ஏறிய மஞ்சளாகி நின்றது. நாற்பது வருஷம் வெற்றிலையும் பீடியும் மாறி மாறிப் போட்ட வாயிலிருந்து வந்த பல் என்று எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தலாம்.

“ஃபினிஷிங் எப்படி இருக்குது மேடம்?” என்று கேட்டார் கலையரசன்.

தென்றல் பதில் சொல்வதற்குள், ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் மேலே இருந்த பல்லைக் காட்டிச் சொல்லிவிட்டார். “டாக்டரம்மா, மொதல்ல இவருக்கு வைத்தியம் பாருங்க. ரொம்ப முத்திப் போச்சு.”

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. “ஆடியில யாராவது தொறப்பாங்களாம்மா?” என்று பலராமன் ஆதரவாகக் கேட்டார். சடையன் பத்திரிகையில் மூன்றாவது தேதியை எழுத இடமில்லாமல் பின்பக்கம் எழுதினார்.

ஆவணியில் பலராமன் வேரைப் பற்றி யோசித்திருந்தார்.

“வேரோட பல்லு தெரியறது மங்களகரமா இல்லம்மா. புடுங்கி மாட்டின மாதிரி இருக்குது. காலங்காத்தால சாமி கும்பிடப் போறவங்களுக்கு வயித்தக் கலக்காதா?”

“வேர் இல்லாட்டி பல்லுன்னு எப்படி சார் தெரியும்?”

“மனசுல நெனச்சுப்பாங்க.”

கலையரசன் மூன்று வேரையும் அறுத்து எடுத்தார். மிச்சம் இருந்தது குண்டாக, மேலே லேசாகப் பள்ளம் விழுந்து, மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. அன்று பௌர்ணமி. கிரிவலம் முடித்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. ஆந்திராவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, ஏழு பேர், நேராகக் கிளினிக்குக்குள் நுழைந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பெரியவர் ஒருவர் வாய் கொப்பளிக்கும் தொட்டியில் கை கழுவிக்கொண்டு திரும்பினார்.

“ரவா இட்லி உந்தாம்மா?”

நடந்து களைத்த முகங்களைப் பார்த்துவிட்டு, தென்றல் பக்கத்துக் கடையிலிருந்து இட்லி வரவழைத்துக் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன. சட்னி நன்றாக இருந்ததென்று சொல்லிக் கேள்விப்பட்டார்களாம்.

பலராமன் இந்தமுறை உள்ளேயே வந்து பார்த்தார். கிளினிக்கின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே பல் பார்க்கும் நாற்காலி, பாலித்தீன் உறை பிரிக்காமல், விளக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் போகவில்லை.

“இது தெருவுல இருந்து தெரியுதே!”

“தெரியணும்னுதான் சார் கண்ணாடி.”

“வேணாம்மா. பழைய தெரு. மூங்கில் தட்டி போட்டு மறைச்சிடுங்க. ஊருக்கும் பொருத்தமா இருக்கும்.”

மூங்கில் தட்டி போட்டார்கள். முகப்பு இப்போது பாதி இருட்டாகிவிட்டது. சாயங்காலம் ஆனதும் ஆண்கள் தனித்தனியாக வந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தட்டியை விலக்கி, “குவாட்டர் கெடைக்குமா?” என்று குசுகுசுத்தார்கள். மூன்றாவது நாள் ஒரு போலீஸ்காரரும் வந்தார். அவர் விசாரிக்க வந்தாரா, அதைக் கேட்கத்தான் வந்தாரா என்பது கடைசிவரை தென்றலுக்குத் தெளிவாகவில்லை.

அப்புறம் புரட்டாசி. அப்புறம் மழை. அப்புறம், “தீபம் முடியட்டும்மா, ஊரே நெரிசல்ல இருக்கறப்போ குழு எப்படிக் கூடும்?” என்றார் பலராமன். தீபமும் முடிந்தது. மலை உச்சியில் எரிந்த கொப்பரையைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தபிறகும் கிளினிக் மூடியே இருந்தது. ஊரில் சடையனிடம் ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: உன் பொண்ணு நெஜமாவே டாக்டருக்குத்தான் படிச்சுதா?

“நான் என்ன பாப்பா சொல்லட்டும்?” என்று அவர் ஒருநாள் போனில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் தென்றல் போனை வைத்துவிட்டு, உறை பிரிக்காத அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் சிகிச்சைப் பட்டியலை எடுத்துக்கொண்டு பலராமனிடம் போனாள். குழு கேட்ட கடைசிக் காகிதம் அதுதான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “பல் சுத்தம் செய்தல், சரி. பல் அடைத்தல், சரி. பல்...” நிறுத்திவிட்டார். “இந்த வரி வேணாம்மா.”

“பல் பிடுங்குதலா? அதுதானே சார் பாதி வேலை!”

“கோயிலுக்குப் பக்கத்துல பிடுங்குதல்னு எழுதக்கூடாது. வேற எதாச்சும் மங்களமா... பல் வழியனுப்புதல்னு போடுங்களேன்.”

தென்றல் எழுந்து நின்றாள். ஆறு மாதமாகச் சேர்த்துவைத்த பொறுமை எல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்துபோனது.

“சார், எனக்குப் பல்லே வேணாம். பட்டியலும் வேணாம். பலகை எப்படி இருக்கணும்னு நீங்களே வரைஞ்சு குடுத்துடுங்க. ஒரு கோடு மாத்தாம அதையே மாட்டறேன்.”

பலராமன் தயங்கினார். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் இன்ஜினியராக இருந்தவரிடம் யாராவது வரைந்து கொடுங்கள் என்று கேட்டால் கை சும்மா இருக்குமா? ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி பாஞ்சாலை காபி கொண்டுவந்து வைத்தார். “எப்பம்மா தொறக்கற?” என்று தென்றலின் தோளைத் தொட்டுக் கேட்டார். “சீக்கிரம் தொறம்மா. நான் தினம் வேண்டிக்கிட்டிருக்கறேன்.”

இந்தத் தெருவில் தனக்காக வேண்டிக்கொள்ளவும் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று நினைத்தபடி தென்றல் காபியை எடுத்துக்கொண்டாள்.

படம் அழகாக வந்திருந்தது. ஒரு தேக்குப் பலகை. அதில் செதுக்கிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: தென்றல். பல் இல்லை, டாக்டர் இல்லை, கிளினிக் இல்லை. தென்றல் அதை அப்படியே செய்து மாட்டினாள்.

பொங்கல் முடிந்து குழு கூடியது. பலராமன் பலகையின் போட்டோவை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தேக்கோட கலர் கொஞ்சம்...”

குழுவின் செயலாளர் அருணாதேவி ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “சார், இது நீங்களே வரைஞ்ச படம்தானே? கீழ உங்க கையெழுத்தும் இருக்குது.”

பலராமன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே உதவிக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, வேறு வழி தெரியாமல், சான்றில் கையெழுத்துப் போட்டார். அதற்குள் பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. வயசாகிவிட்டது பாவம் என்று அருணாதேவி நினைத்துக்கொண்டார்.

தை கடைசி வெள்ளிக்கிழமை கிளினிக் திறந்தது. சடையன் ஒரு வேன் நிறைய ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, காபி குடித்து, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்கள். யாருக்கும் ஒரு பல்லிலும் ஒரு குறையும் இல்லை. கரும்பைக் கடித்துத் துப்பி வளர்ந்த வாய்கள்.

முதலில் உள்ளே வந்த வெளியாள் ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“காத்தே வரமாட்டேங்குதும்மா. காயில் போயிருக்குமா பாருங்க.”

“இது ஃபேன் கடை இல்லீங்க.”

“பின்ன தென்றல்னு போட்டிருக்குது?”

ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. தெருவில் போனவர்கள் பலகையைப் படித்தார்கள், சிலர் நல்ல பெயர் என்றுகூடச் சொன்னார்கள், அப்படியே போனார்கள். தென்றல் புது வெள்ளைக் கோட்டோடு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். சடையன் பேசுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஊருக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வதென்று அவர் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது.

பன்னிரண்டரைக்கு ஒரு கார் வந்து வாசலில் நின்றது. பலராமனின் கார். எட்டு வீடு தள்ளி இருப்பவர் எதற்குக் காரில் வருகிறார்?

தென்றல் ஒரு முறை சுற்றுமுற்றும் பார்த்தாள். தட்டியில் ஏதாவது குறை கண்டுபிடித்துவிட்டாரா? வாசல் கோலம் அளவுக்கு மீறிப் போய்விட்டதா? கார்க் கதவு திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. உள்ளே ஏதோ இழுபறி நடந்தது.

கடைசியில் பாஞ்சாலை இறங்கினார். ஒரு கையால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தார். இன்னொரு கையில் பலராமனின் மணிக்கட்டு இருந்தது. பலராமன் பின்னால் வந்தார், பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் வருகிறவர் மாதிரி. கையில் ஃபைல் எதுவும் இல்லை. நாற்காலியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“என்னங்கம்மா, இன்னும் எதாச்சும் மாத்தணுமா?” என்று கேட்டாள் தென்றல்.

“நீ ஒண்ணும் மாத்த வேணாம் கண்ணு” என்றார் பாஞ்சாலை, கணவரை ஒரு இழுப்பு இழுத்து உள்ளே கொண்டுவந்து. “போன ஆனியிலயே வேலூருக்குப் போய்ப் புடுங்கிக்கலாம்னு கூப்பிட்டேன், ‘நம்ம தெருவுலயே ஒரு டாக்டரம்மா கிளினிக் போடறாங்க, அவங்க தொறக்கற அன்னிக்கு மொத ஆளா போய் இந்தக் கடவாப்பல்லப் புடுங்கிக்கறேன்’னு அண்ணாமலையார் மேல சத்தியம் பண்ணாரும்மா இவரு!”