மேல்மாடிக்குப் போன பூசணிக்காய்

பிரிக்பீல்ட்ஸ்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அய்யாவு அவர்களுக்கு, மச்சான் ரெங்கசாமி எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் நலம். கிள்ளானில் நீங்களும் என் தங்கை தாமரையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் என் வீட்டுக்காரியான உங்கள் அக்கா மாதவி படித்துவிடுவாள், ஆகையால் தபால்.

ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன், இனிமேலாவது காலை நீட்டி உட்காரலாம் என்றிருந்தேன். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டு, கீழே இருந்த மளிகைக்கடையும் மூடிப்போனதில், மேல்மாடியில் தனியாக இருக்கும் குணபூசணி டீச்சர் பிஸ்கட்டைத் தின்றே பொழுதை ஓட்டுவதாக மாதவி கேள்விப்பட்டாள். உடனே என்னையும் காரையும் கிளப்பிக்கொண்டு செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போனாள். காய்கறி வியாபாரி வாசு, "விக்காம கெடக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க லா அக்கா" என்றார். விற்காமல் கிடந்தது பூசணிக்காய் மட்டும். அவற்றைப் படியில் தூக்கிப் போகும்போது ஒன்று என் கைநழுவி, உருண்டு, கீழ்மாடி ரொஹானி வீட்டுச் செருப்பு அலமாரியை உடைத்தது. சண்டைக்கு வந்த அந்த மலாய்க்கார அம்மாள் கையில் மாதவி இன்னொரு பூசணிக்காயைக் கொடுத்து, அந்த மாடிக்கே பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் ஆக்கிவிட்டாள். அந்த வாரம் கட்டடமே பூசணிக்காய் தின்றது.

பிறகு காஜாங்கில் கீரை போடுகிறவர், ரவாங்கில் கோழி வளர்க்கிறவர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, சரக்கை நேரே எங்கள் கட்டடத்துக்கே வரவழைத்தாள். மாடிக்கு ஒருவர் இறங்கி வந்து வாங்கிப்போய்ப் பிரித்துக் கொடுக்க வேண்டும்; மேல்மாடிக்கு நான். போன மாதம் வெள்ளத்தில் தூரத்து லோரிகள் நின்று, பேரங்காடி அலமாரிகள் காலியானபோதும், காஜாங் பாதை திறந்திருந்ததால் எங்கள் கட்டடத்தில் அடுப்பு அணையவில்லை. பக்கத்துக் கட்டடத்துக்கும் கொடுத்தோம். அன்று டீச்சர் கீரைக்கட்டை வாங்கிக்கொண்டு, "யாராச்சும் கதவத் தட்டுனாத்தான் ரெங்கசாமி, சமைக்கவே மனசு வருது" என்றார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று மாதவியிடம் சொன்னேன்.

இத்தனை காலம் ரயில் ஓட்டியிருக்கிறேன் மாப்பிள்ளை, ஒரு காரியத்தை உங்கள் அக்கா அளவுக்கு நேரந்தவறாமல் ஓடவைத்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் என் முழங்கால் ராஜினாமா கேட்கிறது. சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் படுத்துக்கிடக்கிறேன். உங்கள் அக்காவிடம் மூச்சுவிட வேண்டாம்.

உங்கள் வீட்டில் சிரிப்பும் சோறும் குறையாதிருக்கட்டும்.

அன்புடன்,
ரெங்கசாமி

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் மாதவி படித்துவிட்டாள். கோபமில்லை, சந்தோஷம். கிள்ளானிலும் தொடங்கலாம் என்று தாமரையிடம் பேசி முடித்தாயிற்று. சனிக்கிழமைக்குள் உங்கள் காரை வெளியே எடுத்து, இடத்தைக் காலி செய்து வையுங்கள். நான் காய்கறி ஏற்றிய லோரியில் வருகிறேன். ஓட்டப்போவதும் நான்தான்.