பெரியவர் பக்கம் நீட்டிய கால்

கிறீச்சென்று ஒரு சத்தம். பழைய தேக்கின் வயிற்றிலிருந்து துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கினால் வருகிற சத்தம். நான் கண்மேல் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். ஐஸ் கம்பெனியில் இரவெல்லாம் பாளம் பாளமாக இழுத்துப் போட்டுவிட்டு, ஊர் விழிக்கும்போது தூங்கப்போகிறவனுக்கு அந்தத் துணிதான் ராத்திரி. மறுபடியும் கிறீச். இந்தத் தடவை தலைமாட்டிலேயே.

துணியை விலக்கினேன். என் மனைவி மா நியோ சுத்தியலும் கையுமாக நின்றிருந்தாள்.

"எழுப்பிட்டேனா, கோ லா பே?"

"இல்ல. என் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கறாங்கன்னு நினைச்சேன்."

"அடிக்கல. பிடுங்கறேன். இந்தத் தெருப்பக்கச் சுவரை எடுத்துட்டு இங்க மோஹிங்கா கடை போடப்போறேன். மீன்குழம்பும் சேமியாவும் காலையில எல்லாருக்கும் வேணும்."

"இது நான் தூங்கற இடம்."

"தூங்கறதுக்குக் கண்ணுதான் வேணும். இடம் எதுக்கு?"

எங்கள் வீட்டில் நான் பகலில் தூங்கக்கூடிய இடம் அந்த முன்னறை ஒன்றுதான். பின்கட்டில் அடுப்புப் புகை. அதற்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுச் சேவல்கள். அவற்றுக்கு விடியல் நாள் முழுக்க. முன்னறை போனால் என் தூக்கம் போயிற்று. ஆனால் மா நியோவிடம் 'முடியாது' என்று சொல்லும் வசதி இந்த வீடு கட்டும்போதே வைக்கப்படவில்லை. அதனால் ஒரு சபதம் செய்தேன்.

"தச்சன் கிச்சன் எவனும் வரக்கூடாது. என் வீட்டுச் சுவரை நானே கழட்டுவேன்."

இதில் ஒரு தந்திரம் இருந்தது. நான் யாரிடமும் தச்சுவேலை படித்ததில்லை. எல்லாம் பார்த்துக் கற்றது. அதுவும் தூக்கக் கலக்கத்தில் பார்த்தது. கூரையில் ஓர் ஓட்டையை அடைத்தேன். மழை கோபித்துக்கொண்டு என் தலையணைக்கு நேர்மேலே வேறு வழி கண்டுபிடித்தது. வாசல் ஏணியில் ஒரு படியை மாற்றினேன். அன்று முதல் விருந்தாளிகள் எல்லாரும் விழுந்து கும்பிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். நான் சரிசெய்த ஜன்னல் காற்றுக்குத் திறக்கும், எங்களுக்குத் திறக்காது. இந்த வேகத்தில் போனால் சுவர் பெயர்வதற்குள் எனக்குப் பென்ஷன் வந்துவிடும்.

"நல்லது," என்றாள் மா நியோ. "தவக்காலம் முடிஞ்சு விளக்கு ஏத்தற நாளுக்குள்ள முடிச்சிருங்க. இல்லேன்னா தச்சன் வருவான்."

விளக்கு நாள் பக்கத்தில்தான் இருந்தது. எனக்கு இன்னொரு தந்திரம் தேவைப்பட்டது.

இந்த வீட்டைக் கட்டியவர் மா நியோவின் பெரியப்பா. உடைத்த படகுகளின் பலகைகளால் கட்டினார். மோல்மீன் ஆற்றில் நீர் ஏறினால் வீடு முனகும். இறங்கினால் பெருமூச்சு விடும். தான் கரையேறியது அதற்கு இன்னும் தெரியாது. மழைக்காலத்தில் நடுப்பகலிலும் உள்ளே அந்திதான்.

முன்னறையின் தென்கிழக்குத் தூணில் பெரியவர் இருக்கிறார். எல்லார் வீட்டிலும் இருப்பவர்தான். நெருப்பில் வெந்து செத்த கொல்லர். செத்த பிறகு வீடுகளைக் காக்கிற வேலை. அவர் உடம்புச் சூடு தணிய ஒரு தேங்காய், தலையில் சிவப்புத் துணி கட்டி, மூங்கில் வளையத்தில் தொங்கும். மழையிருட்டில் அது தேங்காயாகத் தெரியாது. முக்காடு போட்ட யாரோ முதுகு காட்டி நிற்கிற மாதிரி இருக்கும்.

பெரியவருக்கே கடை பிடிக்கவில்லை என்றால்? மா நியோ எனக்குப் பயப்படமாட்டாள். அவருக்குப் பயப்படுவாள்.

மீன்பிடிக்கிற நரம்பில் ஒரு துண்டை எடுத்தேன். ஒரு முனையை வளையத்தில் கட்டினேன். மறுமுனையைப் பாய்க்கு அடியில் ஓட்டி என் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு படுத்தேன். சற்று நேரத்தில் அவள் முன்னறையைப் பெருக்க வந்தபோது விரலை மடக்கினேன். தேங்காய் மெல்லத் திரும்பியது.

துடைப்பம் நின்றது.

"பாத்தீங்களா?"

"என்னத்த?"

"பெரியவர் தலையை ஆட்டறாரு."

"ஆமாங்கற மாதிரியா, வேண்டாங்கற மாதிரியா?"

அவள் தேங்காயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும், நிதானமாக. "வேண்டாங்கற மாதிரிதான்," என்றாள். சுவரைத் தொட வேண்டாம் என்றும் சொன்னாள். நான் துணியைக் கண்மேல் இழுத்துக்கொண்டு சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஜெயித்த முதல் ஆட்டம்.

அதற்கடுத்த நாள் மழை ஓடுகளை அறைந்துகொண்டிருந்தது. மா நியோ சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் நான் ஒருவன்தான். ஏதோ விழிக்க வைத்தது. கால்விரலைப் பார்த்தேன். நரம்பு தொளதொளவென்று கிடந்தது.

தேங்காய் திரும்பிக்கொண்டிருந்தது.

அவசரமே இல்லாமல், கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிறவர் மாதிரி, என் பக்கம் திரும்பி நின்றது. நான் மூச்சை அடக்கினேன். உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்டது. களக், களக். யாரோ வாய் கொப்பளித்துவிட்டுப் பேசத் தொடங்கப்போவது போல. கீழே படகுப் பலகைகள் முனகின. விரலிலிருந்து நரம்பை அவிழ்க்க முயன்றேன். இழுக்க இழுக்க அது இறுகித்தான் போனது. கடைசியில் பல்லால் கடித்து அறுத்தேன். என் காலை நானே கடித்த நாள் அது.

அன்றிரவு கம்பெனியில் ஒவ்வொரு பனிப்பாளத்துக்குள்ளும் யாரோ முக்காடு போட்டு நிற்பதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தேன். படுத்தேன். கண் மூடவில்லை. எந்தத் தூக்கத்தைக் காப்பாற்றக் கிளம்பினேனோ அது முதலில் போயிற்று.

"முகம் ஏன் வெளுத்திருக்கு?" என்றாள் மா நியோ.

"ஐஸ்."

"பெரியவர் கோவமா இருக்காரு. அவருக்குப் பொறுக்காத மாதிரி நம்ம வீட்ல யாரு என்ன செஞ்சாங்கன்னு தெரியல. டாவ் செய்னைக் கூட்டிட்டு வரேன்."

டாவ் செய்ன் பக்கத்து வீட்டுக்காரி, அந்தச் சேவல்களுக்குச் சொந்தக்காரி. சாதாரண நாளில் வெற்றிலை விற்பாள். கூப்பிட்டால் நாட் தேவதைகள் அவள்மேல் இறங்குவார்கள். சிவப்புப் பட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தூணுக்கு எதிரே உட்கார்ந்தாள். மெழுகுவர்த்தி கிடையாது, பெரியவருக்கு நெருப்பு ஆகாது. இருட்டில் ஒருமுறை கொட்டாவி விட்டாள். இரண்டாவது கொட்டாவி முடியும்போது வந்த குரல் அவளுடையது அல்ல. ஆண்குரல். தொண்டையில் சாம்பல் அடைத்த குரல்.

"எவன்டா அவன்? என் முகத்துக்கு நேரா உள்ளங்காலைக் காட்டறவன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நரம்பு நீளம் போதாதென்று பாயில் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் படுத்திருந்தேன். பெரியவர் இருக்கிற தூணை நோக்கிக் கால். எங்கள் ஊரில் கைக்குழந்தையைக்கூட அப்படிக் கிடத்தமாட்டார்கள். தந்திரத்தைப் பார்த்த கண், காலைப் பார்க்கவில்லை.

தரையில் நெற்றி பதித்துக் கும்பிட்டேன். நரம்பு, வளையம், கட்டைவிரல் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். குரல் தீர்ப்புச் சொன்னது. "எனக்குப் பழைய தேங்காயை இறக்கிப் புதுசு கட்டணும். அந்தக் கால் இனி இந்த அறையில் நீளக்கூடாது. பின்கட்டில், விறகுக்குப் பக்கத்தில் படுக்கட்டும். முன்பக்கம் திறக்கட்டும், எனக்கு மனுஷ முகம் பார்த்து நாளாச்சு."

பிறகு டாவ் செய்ன் கண்ணைத் திறந்து, தன் சொந்தக் குரலில் டீ கேட்டாள். குடித்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மா நியோ அடுக்களையிலிருந்து ஒரு நூல்கண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கறுப்பு நூல். அதன் முனை பலகை இடுக்கு வழியாகத் தூண் வரைக்கும் போயிருந்தது.

"நீயா?"

"பின்ன? கல்யாணமான நாள்லேருந்து பெரியவர் பக்கம் தலைவெச்சுப் படுத்த மனுஷன் திடீர்னு காலை நீட்டினா, நான் என்ன நினைப்பேன்? பூனையே ஒருமாதிரி பாத்துச்சு."

"பெரியவரை வெச்சு விளையாடறியே, பயமா இல்ல?"

"நான் நூலைக் கட்டறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஆனால் என் நெஞ்சிலிருந்து ஒரு பனிப்பாளம் இறங்கியது. நூல்தான். வெறும் நூல். சிரித்தே விட்டேன். சிரிப்போடு ஏணி போட்டு ஏறிப் பழைய தேங்காயை இறக்கினேன். கைக்கு வந்ததும் காம்பு கழன்று விழுந்தது. பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. காதுகிட்ட வைத்துக் குலுக்கினேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஒரு சொட்டும் இல்லை. வற்றிப்போய் மாசக்கணக்காகியிருக்கும்.

"நியோ, நேத்து நீ இழுத்தப்ப இதுக்குள்ள தண்ணி குலுங்கிச்சு. நான் கேட்டேன்."

"நேத்தா?"

"நேத்துதான். நீ சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒளிஞ்சிருந்தப்ப."

"நேத்து நான் சந்தைக்குத்தான் போனேன்," என்றாள். "அதுக்கு முந்தின நாள் நீங்க வேலைக்குப் போனப்புறம்தான் இந்த நூலையே கட்டினேன். இன்னும் இழுக்கவே இல்ல. நீங்க வெளுத்துப்போய் வந்ததும் இனி தேவையில்லன்னு விட்டுட்டேன்."

மழை நின்றிருந்தது. எங்கோ ஆறு இறங்க, வீடு மூச்சு விட்டது. அவள் தேங்காயை என் கையிலிருந்து வாங்கினாள். தானும் குலுக்கிப் பார்த்தாள். சிவப்புத் துணியை நன்றாக இழுத்து மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, கோ லா பே," என்றாள் மெதுவாக. "கடைக்கு வர்றவங்க பயந்துருவாங்க."

தலையாட்டினேன்.

அவள் சற்று யோசித்தாள்.

"இல்ல, சொல்லுங்க. கூட்டம் வரும்."

நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு தெருப்பக்கச் சுவருக்குப் போனேன். அவள் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தேன்.