நாற்பத்திரண்டாவது கண்ணாடி

கைபேசித் திரையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் கண்ணையும் உறக்கத்தையும் காப்பாற்றியே தீருவது என்று சிங்ஹே மாவட்டக் கல்வி அலுவலகம் முடிவு செய்தது. இந்த மேலான நோக்கத்தை விளக்கும் பதினான்கு பக்கச் சுற்றறிக்கை எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. எழுத்து கடுகளவு இருந்தது.

அதன்படி, பிள்ளைகள் தினமும் புருவத்தையும் கன்னத்தையும் அமுக்கிக் கண் பயிற்சி செய்யவேண்டும். வீட்டில் அதைக் கைபேசியில் ஓடும் படத்தைப் பார்த்துச் செய்யவேண்டும். ஒன்பதரை மணிக்குப் பிள்ளை தூங்கிவிட்டதற்குச் சான்றாகப் பெற்றோர் ஒரு படம் எடுத்து அனுப்பவேண்டும். முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதால் ஃபிளாஷ் கட்டாயம். ஃபிளாஷ் பட்டு விழித்துக்கொண்ட பிள்ளையின் படம் செல்லாது. மறுபடி தூங்கவைத்து மறுபடி எடுக்கவேண்டும்.

நான்காம் எண் தொடக்கப் பள்ளியின் நர்ஸ் மியாவ் சூயினுக்கு, வந்து குவியும் நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்து, இமை மூடியிருக்கிறதா என்று சான்றளிக்கும் பொறுப்பு கிடைத்தது. எல்லாம் முடியப் பன்னிரண்டு மணி ஆகும். காலையில் அவளுக்குச் சுவர்க் கடிகாரமே வெள்ளைத் தட்டாகத்தான் தெரியும். ஆனால் அவளை உறுத்தியது தன் கண் இல்லை. மெங்யாவின் கண்.

மெங்யா மூன்றாம் வகுப்புப் பெண். கரும்பலகையில் எட்டு என்று எழுதினால் மூன்று என்று எழுதிக்கொள்வாள். தப்பான கணக்கைச் சரியாகப் போட்டு முட்டை வாங்குவாள். கணக்கு டீச்சர் அவளைச் சோம்பேறி என்று பின்வரிசைக்குத் தள்ளினார். அங்கே போனபின் கரும்பலகையே காணாமல் போயிற்று. சூயின் கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக்கொண்டு தலைமையாசிரியர் கோங்கிடம் போனாள்.

கோங் நல்ல மனிதர்தான். எண்களைக் கண்டால் மட்டும் மனிதர்கள் அவருக்கு மறந்துபோவார்கள்.

"சுற்றறிக்கைப்படி நம்ம பள்ளிக்கு எத்தனை கண்ணாடி அனுமதி?"

"நாற்பத்தொண்ணு சார்."

"இப்ப எத்தனை பேர் போட்டிருக்காங்க?"

"நாற்பத்தொண்ணு."

"அப்போ இந்தப் பொண்ணுக்குக் கிட்டப்பார்வை எப்படி வரும்? இடமே இல்லையே."

"வந்துடுச்சே சார். போர்டே தெரியலைங்கிறா."

கோங் இரக்கத்தோடு யோசித்தார். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியேறும்போது பதினோரு கண்ணாடிகள் காலியாகும் என்றும், முதல் இடம் மெங்யாவுக்கே என்றும் வாக்குக் கொடுத்தார். அதுவரை அவளைக் கொஞ்சம் முயற்சி செய்து பார்க்கச் சொன்னார்.

பிறகு அதிகாரிகள் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க வரும் தேதி தெரிந்தது. பரீட்சை என்று காதில் விழுந்தால் அந்த ஊர்ப் பெற்றோரைக் கையில் பிடிக்க முடியாது. மாதிரி வினாத்தாள் எங்கே கிடைக்கும் என்று முதல் நாளே விசாரித்தார்கள். கண் பரிசோதனை அட்டை நாடு முழுக்க ஒன்றுதான் என்று தெரிந்ததும் கடைத்தெருவில் டியூஷன் வகுப்பு திறந்துவிட்டது. அட்டையில் நாலு திசையிலும் திரும்பி நிற்கும் E எழுத்தின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை வரிசை வரிசையாகப் பிள்ளைகள் உருப்போட்டார்கள். மேல், வலது, கீழ், இடது, இடது என்று பாட்டாகவே பாடினார்கள். அதற்கும் வீட்டுப்பாடம் கைபேசியில்தான்.

சூயினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோதனையன்று காலை யாரும் பார்க்காத நேரத்தில் அட்டையைத் தலைகீழாக மாட்டினாள். பெரிய எழுத்து கீழே, பொடி எழுத்து மேலே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், இன்றைக்கு அது வெளியே வந்துதான் ஆகவேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். அட்டையை நோக்கி நின்று பாடினார்கள். அதிகாரி தாவ் குனிந்த தலை நிமிராமல் கைபேசியில் இருந்த விடைத்தாளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டார். மெங்யா கதவைப் பார்த்துக்கொண்டு பாடினாள். அவளுக்கும் நூற்றுக்கு நூறு.

'ஒளிவிழிப் பள்ளி' என்ற பட்டமும், அந்தப் பெயரைத் தங்க எழுத்தில் பொறித்த சிவப்புப் பலகையும் கிடைத்தன. வாசல் வளைவில் பலகையை மாட்டும் வேலை சூயின் தலையில் விழுந்தது. முந்தைய இரவின் படங்கள் கண்ணுக்குள் மிதக்க, ஏணியில் ஏறி மாட்டிவிட்டு இறங்கினாள். விழாவுக்குச் சற்று முன், தன் செலவில் வாங்கிய கண்ணாடியை மெங்யாவின் மூக்கில் மாட்டிவிட்டாள். நாற்பத்திரண்டாவது கண்ணாடி. எண்ணுகிறவர்கள் எண்ணட்டும், சூயினுக்கு அலுத்துப்போயிற்று.

பலகையை மூடியிருந்த திரை விலகியது. கோங் கைதட்டினார், தாவ் கைதட்டினார், பெற்றோர் படம் எடுத்தார்கள். மெங்யா முதல் தடவையாக உலகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், பலகை தலைகீழா இருக்கே."

கைதட்டல் நின்றது. எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டு மேலே பார்த்தார்கள். சூயினும் பார்த்தாள். சிவப்பாக ஒன்று, அதில் மஞ்சளாக ஏதோ. வேண்டுமென்று தலைகீழாக மாட்டியது அட்டையைத்தான். இது அவளுக்கே தெரியாமல் நடந்தது.

முதலில் பேசியவர் தாவ். "நானூறு பேருக்கு நேரா தெரியுது. இந்தப் பொண்ணுக்கு மட்டும் தலைகீழா தெரியுது. கண்ணுல ஏதோ கோளாறு."

"அதுக்குத்தானே கண்ணாடி போட்டிருக்கா," என்றாள் சூயின். அவள் குரல் அவளுக்கே திடமாக ஒலிக்கவில்லை.

கோங் எண்ணத் தொடங்கினார். எத்தனையாவது கண்ணாடி அது என்பது புரிந்ததும் முகம் வெளிறியது. தாவ் மேடையை விட்டு இறங்கி வந்து தணிந்த குரலில், "அதைக் கொஞ்சம் குடும்மா, பார்க்கிறேன்," என்றார்.

போட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பலகையை விட்டுவிட்டுத் தெருவையும், மரத்தையும், தன் உள்ளங்கையையும் பார்த்தார். கோங் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கும் ஒரு நிமிஷம்," என்றார். அவருக்குப் பின்னால் கணக்கு டீச்சர். அவருக்குப் பின்னால் பெற்றோர் சங்கத் தலைவி. வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. சூயினும் அதில் நின்றாள்.

பலகையை மாற்றுவதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று. படம் மேலிடத்துக்குப் போயாகிவிட்டது, அங்கிருந்தும் பாராட்டு வந்துவிட்டது.

மெங்யா வரிசையின் முன்னால் கையை நீட்டியபடி நின்றாள். கண்ணாடி இப்போது யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.