தீப்பல்லன் குகையில் பத்து சென்ட்

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை தேடினாலும் ஆதாரம் அண்ணனைப் போல ஓர் அக்கிரமக்காரர் அகப்படமாட்டார். ஆதாரம் என்றால் எங்கள் எல்லைப்புறத்தில் நிலப்பத்திரம். அதை எழுதுவது அவர் தொழில். நிலச்சீர்திருத்தம் வந்தபோது சட்டத்தில் எலி நுழையும் ஓட்டையைக்கூட விடாமல் கண்டுபிடித்து, ஜென்மிகள் என்ற நிலச்சுவான்தார்களின் நிலத்தில் குடிசை போட்டிருந்த குன்னத்துகால் ஆட்களுக்கெல்லாம் அங்கே குடியிருந்ததற்கான குடிகிடப்பு உரிமையாகப் பத்து சென்ட் வாங்கிக் கொடுத்தவர். அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் என் ஆட்டத்தில் அவருக்கு என்ன வேலை?

குவைத்திலிருந்து என் கூடப்பிறந்த அண்ணன் கொண்டுவந்த ஆட்டம் அது. இருபது முகப் பகடை, தலையணை கனத்தில் ஆங்கில விதிப் புத்தகம். ஒருவன் கதையை நடத்த வேண்டும்; மற்றவர்கள் அதற்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ புகுந்து, செய்வதைச் சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். நடத்தியவன் நான். புத்தகத்துப் பூதங்கள் நம்மூர் வெயிலுக்குச் சரிப்படாது என்று, இருநூறு பக்க நோட்டில் பூதங்களையும் விதிகளையும் நானே எழுதினேன். ஞாயிறு சர்ச் முடிந்ததும் தனுவச்சபுரத்து டுட்டோரியல் காலேஜ் மாடியில் கூடுவோம்.

கதைக்குள் அந்தி வரை நீர் வற்றாத கிண்டிச் செம்பு ஒன்றை, பாவம் தாகத்துக்கு இருக்கட்டும் என்று, எங்களோடு ஆட வந்த ஆதாரம் அண்ணனுக்குக் கொடுத்தேன். மனிதர் அதைப் பூதக்குழியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, அது குடிக்க உள்ள தண்ணி!"

"குடிக்க மட்டும்னு எளுதீட்டுண்டா? எளுதினது நீயாக்கும், நானில்ல."

நாற்பது பூதங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தேன். ஒரு பகடைகூட உருளாமல் அத்தனையும் மூழ்கிச் செத்தன. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம் எனக்குக் கல்ஃபுக்கு விசா வந்தது. பம்பாய் ரயிலுக்கு முந்திய ஞாயிறுதான் கடைசி ஆட்டம். பூவாறு கழிமுகத்துக்கு அடியில் குகையில் கிடக்கும் தீப்பல்லன் என்ற நாகத்தைக் கொன்று கதையை முடிக்க வேண்டும். இரண்டு வருடக் கதை. முடிக்காமல் போக எனக்கு மனசில்லை. எங்களோடு ஆடும் டெய்லர் தாசன் வாளை ஓங்கிப் பகடையைக் கையில் எடுத்தார்.

"நில்லு மக்கா! கொல்லப்பிடாது," என்றார் ஆதாரம் அண்ணன். "ஏளு ஆட்டம் முந்தி இந்தக் குகைக்க மூலையில நான் ஓலப்பெர கெட்டினேன். ஆட்டம் நடத்துத இவன் ஒண்ணும் சொல்லல்ல. நாகம் ஜென்மி, நான் குடிகிடப்புகாரன். பத்து சென்ட் எனக்கு உண்டு. ஆதாரத்துல ஒப்பு போடுததுக்கு முந்தி ஜென்மி செத்தா கேசு இளுத்துட்டுப் போவும்."

"அண்ணே, இது நாகமாக்கும்! நெருப்பு துப்பும்!"

"நீ பளைய ஜென்மிகளக் கண்டதில்ல."

தாசன் வாளை இறக்கிவிட்டார். அவர் வீடு நிற்பதும் அண்ணன் வாங்கித் தந்த பத்து சென்டில்தானே! நான் தொண்டை கிழியக் கத்தினேன். நாகம் சாகவில்லை, கதை முடியவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறினேன்.

கல்ஃபில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் அறை. கட்டிலடிப் பெட்டி மட்டும்தான் எனக்குச் சொந்தம். மூன்றாம் மாதம் ஆதாரம் அண்ணனிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஆதாரம். எழுதிக் கொடுப்பவர் தீப்பல்லன். கிழக்கே நாகத்தின் வால், மேற்கே கடல், தெற்கே தாசனின் வாள், வடக்கே பூதக்குழி. இந்த நான்கெல்லைக்குள் பத்து சென்ட். எழுதி வாங்குபவர் இடத்தில் என் பெயர்! ஆட்டம் நடத்துபவன் ஆட்டத்துக்குள் நிலம் வாங்கக் கூடாது என்பது விதி. அதையும் மீறிவிட்டார்.

அடியில் ஒரு வரி: "நாகத்த ஆரும் தொடமாட்டாவ. கத முடிஞ்சா பின்ன நீ எதுக்கு மக்கா திரும்பி வரணும்?"

எட்டுப் பேர் அறையில் எங்கே போய் அழுவது? குளியலறைக்குப் போனேன்.

வாங்கியவன் திரும்பி வராவிட்டால் நிலம் யாருக்கு என்று அந்த ஆதாரத்தில் இல்லை. நான் வராமலே இருந்துவிடவும் வழி வைத்து அவர் அறிந்தே விட்ட ஓட்டை அது. அந்த ஓட்டையில் நான் நுழையவில்லை, திரும்பி வந்தேன்.