யூரோவுக்காக மாத்தி ஆட்டின தலை

அன்பு மவன் கமெனுக்கு, சித்தப்பன் லாலோ எழுதிக்கிறது. நல்லாருக்கியாடா? வலென்சியாவுல வெயில் எப்படி, வயிறு எப்படி? இங்க நானும் ஒன் சித்தி மித்ராவும் சௌக்கியம், கழுதை சௌக்கியம். ஊருக்குத்தான் புத்தி சரியில்ல.

இந்த வருசம் ஏன் நம்ம பிளம் சாராயம் ராக்கியா அனுப்பலன்னு கேட்டியே, அதைச் சொல்லத்தான் ஒக்காந்தேன். பனி உருகி வந்த வெள்ளத்துல பாலம் போச்சு. நம்ம பிளம் தோட்டம், ஒங்கப்பன் பங்கும் சரி என் பங்கும் சரி, அக்கரையில கெடக்கு. பழமெல்லாம் பழுத்துத் தொங்குது, நான் இக்கரையில நின்னு எச்சி முழுங்குறேன். பாலம் வந்தா சாராயம் காய்ச்சலாம், வரலன்னா காக்காவுக்குத்தான் போதை.

பெரிய பெரிய கூட்டாளிங்கடா நமக்கு. நேட்டோவுல சேந்தோம், தலைக்கு மேல பிளேன் பறந்து என் செவலைக் கோழி முட்டையிட மறந்துச்சு. அதான், சின்ன வயசுல ஒன்னைக் கொத்துச்சே ஒரு கோழி, அதோட பேத்தி. அந்தக் கோழியை மித்ராவோட தங்கச்சி கல்யாணத்துல... சரி, அத விடு. அப்புறம் ஐரோப்பா யூனியன்ல சேந்தோம், ஆத்தோரம் அவங்க பேரு போட்ட நீல போர்டு ஒண்ணு நட்டாங்க. வெள்ளத்துல பாலம் போச்சு, போர்டு அசையல. இந்த ஜனவரியில யூரோ. நம்ம பழைய துட்டு லெவ்வுன்னா சிங்கமாச்சே, சிங்கத்தைக் குடுத்து என்னத்தடா வாங்கினோம்னு மேயர் ராதோயைக் கேட்டா, "ஒலகத்தோட ஒண்ணா நிக்கிறோம் தாத்தா"ங்குறான். ஆத்தைத் தாண்ட வக்கில்ல, ஒலகத்தோட நிக்கிறானாம்.

போன வாரம் பால விஷயமா அதிகாரி வர்றாருன்னு சேதி வந்துச்சு. ராதோய் ஊரைக் கூட்டினான். "வர்றவரு யூனியன் தலைமை ஆபீஸு, ப்ரஸ்ஸல்ஸ் ஆளு. இனிமே துட்டும் அவங்க துட்டு, தலையாட்டும் அவங்க தலையாட்டு"ன்னான். நீ மறந்திருப்ப, நம்மூர்ல ஆமான்னா பக்கவாட்டுல ஆட்டுவோம், இல்லன்னா மேலயும் கீழயும். அதை அப்படியே மாத்தணுமாம்.

மாவுமில்லு ராங்கெல், "கழுத்து சுளுக்கிக்கிட்டா யூனியன்ல தைலம் தருவாங்களா"ன்னான்.

"நீ வாயே தொறக்காத. போன தடவை வந்த அதிகாரியோட அம்மாவை இழுத்துத் திட்டினவன் நீ. யாருமே வாயைத் தொறக்க வேணாம், தலை மட்டும் ஆடட்டும்"னான் ராதோய்.

சர்ச்சு வாசல்ல நிக்க வச்சுப் பழக்கினான். வீட்டுல மித்ரா, "இன்னுங் கொஞ்சம் சூப்பு ஊத்தவா"ன்னா. நான் புதுப் பழக்கத்துல மேலயும் கீழயும் ஆட்ட, சட்டியை எடுத்துட்டுப் போயிட்டா.

அதிகாரி வந்தாரு. டை, கறுப்புக் கண்ணாடி. நம்ம பாஷையை நம்மளை விட நல்லாப் பேசினாரு. ராதோய் என் காதுல, "பாத்தியா, படிச்சிட்டே வந்திருக்காரு"ன்னு பூரிச்சான், மடையன்.

"பாலம் வேணுமா?"ன்னாரு. ஊரே மேலயும் கீழயும் ஆட்டுச்சு. மனுசன் முழிச்சாரு. "வேண்டாமா?" ஐயோ அப்படியில்லன்னு ஊரே பக்கவாட்டுல ஆட்டுச்சு. "அப்ப சரி, பக்கத்து ஊருக்குக் குடுத்துடறேன்"னு கார்ல ஏறிட்டாரு.

ராதோய் பின்னாலயே ஓடி, "அய்யா, நீங்க ப்ரஸ்ஸல்ஸ்தானே"ன்னான்.

"இதே நாட்டு வ்ராத்சாக்காரன்யா நான். எங்கம்மா இன்னும் அங்கதான் ஆடு மேய்க்குது"ன்னுட்டுக் காரைக் கெளப்பிட்டாரு.

ஆக ராக்கியாவை மறந்துடு. ஒங்கப்பன் பங்கை வாங்குறவன் இருந்தா வித்துடு. திராட்சைக்கும் குடிகாரனுக்கும் காவலிருக்குற புனித ட்ரிஃபோன் ஒன் வயித்தையும் காக்கட்டும். ராதோயை மட்டும் காக்க வேணாம்.

இப்படிக்கு, சித்தப்பன் லாலோ.

பின்குறிப்பு: மேல சொன்னதை நம்பி தோட்டத்தை வித்துத் தொலைச்சிடாத. அந்தக் கார் திரும்பி நம்ம வாசல்ல வந்து நிக்குது. மனசு கேக்கலியாம், ஊர்ல வயசானவன் ஒருத்தன்கிட்டயாவது கேட்டுட்டுப் போறேங்குறாராம். மித்ரா வாசல்லேருந்து கூப்புடுறா, "ஏங்க, எந்திரிச்சு வாங்க, வாயால சொல்லுங்க, அந்தத் தலையை மட்டும் ஆட்டிடாதீங்க!"