கழுதைகளும் ஒரு சாய்வு நாற்காலியும்

இந்த வருடம் ஒரு பிரதிக்ஞை எடுத்தேன். மார்ச் மாதக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்கவே மாட்டேன். ஏன் ஒருவராலும் கணிக்க முடியவில்லை என்று கண்டுபிடிப்பேன்.

சிரிக்காதீர்கள். என் மனைவி மேவிஸ் ஏற்கெனவே சிரித்துவிட்டாள்.

என் பெயர் ஆர்லின். இண்டியானாவில், ஒஹையோ ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் விதைக்கடை வைத்திருக்கிறேன். சோளமோ சோயாவோ பூசணியோ, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே முளைக்குமா மக்குமா என்று சொல்லிவிடுவேன். இந்தப் போட்டியிலும் அணிகளை விதை என்றுதான் சொல்வோம். பலசாலி ஒன்றாம் விதை. சோப்ளாங்கி பதினாறாம் விதை. ஒரே ஒரு ஆட்டம் தோற்றாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஆனால் வருடா வருடம் நடப்பது என்ன? ஒன்றாம் விதை மக்கிப் போகிறது. பேர் தெரியாத பதின்மூன்றாம் விதை கிளை விட்டு நிற்கிறது. இருபது வயதுப் பையன்கள், ஒரு பந்து, ஒரு வளையம். இதற்குள் அப்படி என்னதான் மர்மம்? விதைக்காரனான எனக்கு இது மானப் பிரச்சினை.

அதிலும் இந்த வருடம் எங்கள் டில்பெக் கல்லூரியே போட்டிக்குள் நுழைந்துவிட்டது. பதினான்காம் விதை. அணியின் பெயர் கோவேறு கழுதைகள். பெயரிலேயே 'கோ' இருக்கிறது, ராஜ வம்சம் என்று நாங்கள் மார்தட்டிக்கொள்வோம். எதிராளிகள் கோவைக் கழற்றிவிட்டுக் கழுதைகள் என்பார்கள். ஆட்டத்தைப் பார்த்த பிறகு நாங்களும் அப்படித்தான் சொல்வோம்.

என் ஆராய்ச்சிக்கூடம் ஜன்னலோரம் இருந்த என் சாய்வு நாற்காலி. கல்யாணமான வருஷம் வாங்கியது. ஒரு கை ஆடும். இன்னொரு கைக்கு வெள்ளிநிற ஒட்டுப்பட்டையில் கட்டுப் போட்டிருந்தது. உட்கார்ந்தால் ஸ்பிரிங் ஒன்று எழுந்து வரவேற்கும். எனக்கு அது சிம்மாசனம். மேவிஸுக்கு அது இன்னும் எடுக்காத பிணம்.

"இந்த ஜன்னல் வெளிச்சத்துல என் தையல் சட்டத்தப் போட்டா எவ்வளவு நல்லாருக்கும்! போர்வை தச்சுத் தச்சு இருட்டுல கண்ணே போகுது."

"நான் உயிரோட இருக்குற வரைக்கும் இந்த நாற்காலி நகராது, மேவிஸ்."

"சரிங்க. நான் காத்திருக்கேன்."

"எதுக்கு?"

"ச்சே, அதுக்கில்லங்க. நாற்காலி கிடக்கட்டும். வெளியில அந்தப் பூச்செடிச் சுவரையாவது கட்டி முடிங்களேன். வருஷக்கணக்கா ரெண்டு வரிசைக் கல்லோட நிக்குது. தெருவே நம்ம வீட்டக் குட்டிச்சுவர் வீடுன்னு சொல்லுது."

"போட்டி முடியட்டும்."

"எந்த வருஷப் போட்டி?"

இங்கே என் சாமர்த்தியம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் கேபிள்காரனைக் கழற்றிவிட்டு, டிவியை இணையத்தில் மாட்டினேன். காலத்தோடு ஓட வேண்டாமா? மேவிஸுக்கு அதெல்லாம் பிடிக்காது. வேலை செய்யும்போது காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பழைய ரேடியோவைத்தான் கேட்பாள். பாவம், பின்தங்கிய ஜென்மம் என்று இரக்கப்படுவேன்.

முதல் ஆட்டம் வியாழக்கிழமை மத்தியானம். கடைக்குப் பல்வலி என்று லீவு சொன்னேன். முதலாளி நானே என்பதால் உடனே நம்பிவிட்டேன். எதிரணி கரடிகள், மூன்றாம் விதை. ஒவ்வொருவனும் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கு உயரம். பாதி ஆட்டத்தில் கழுதைகள் பதினைந்து புள்ளி பின்னால். நான் நாற்காலிக்குள் புதைந்துகொண்டிருந்தேன்.

மேவிஸ் துடைப்பத்தோடு வந்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்க. அடியில பெருக்கணும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

எழுந்தேன். கழுதைகள் தூரத்திலிருந்து எறிந்தார்கள். மூன்று புள்ளி! குஷியில் தொப்பென்று உட்கார்ந்தேன். அடுத்த பந்து கை நழுவி ரசிகர் மடியில் போய் விழுந்தது.

"இந்தப் பக்கமும் பெருக்கணும். எந்திரிங்க."

எழுந்தேன். கூடை! உட்கார்ந்தேன். தவறியது. "காலுக்குக் கீழ ஒரு சோளப்பொரி கிடக்கு" என்றாள். எழுந்தேன். கூடை!

விஞ்ஞானிகளுக்கு உடம்பு சிலிர்க்கும் என்பார்களே, அது நிஜம்தான்.

"மேவிஸ்! பாத்தியா?"

"எத?"

"நான் எந்திரிச்சா பந்து உள்ள விழுது. உக்காந்தா நழுவுது!"

"போங்க, தற்செயலா இருக்கும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"உங்க பின்பக்கத்துக்கும் அந்தப் பசங்க கைக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அதத்தான் கண்டுபிடிக்கப் போறேன்!"

மீதி ஆட்டம் முழுக்க நின்றேன். கழுதைகள் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மூன்றாம் விதை மண்ணுக்குள் போனது. பக்கத்து வீட்டு டுவைட் பனியனோடு தெருவில் ஓடினான். எனக்கு முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. போகட்டும், என் கொள்கை முளைத்துவிட்டது.

சனிக்கிழமை அடுத்த ஆட்டம். எதிரே ஆறாம் விதை, கப்பலோட்டிகள். காலையிலிருந்தே ஒரே யோசனை. நின்றால் போதுமா, அல்லது நான் அறையிலேயே இருக்கக் கூடாதா?

"வெளியில போய் நின்னு பாருங்களேன்" என்றாள் மேவிஸ். "நிக்கிறதுதான் நிக்கிறீங்க, கையில ரெண்டு கல்லோட நில்லுங்க."

நியாயமாகத்தான் பட்டது. சிமெண்டைக் குழைத்தேன். அவள் சமையலறை ஜன்னலில் நின்று நிலவரம் சொன்னாள்.

"என்னாச்சு?"

"அஞ்சு பின்னாடி. கல்லு வைங்க."

"வெச்சுட்டேன்!"

"இப்ப மூணு. இன்னொரு கல்லு."

"வெச்சாச்சு!"

"சமம்! நிறுத்தாதீங்க, பெரிய கல்லா எடுங்க!"

டுவைட் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னய்யா ஆர்லின், கழுதைங்க ஆடிட்டு இருக்காங்க, நீ கொத்து வேலை பாக்குற? காய்ச்சலா?"

"ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிக்கு எதுக்குய்யா சிமெண்டு?"

பாமரனிடம் என்ன பேச்சு? கல் வைத்தேன். கழுதைகள் ஒன்பது புள்ளியில் ஜெயித்தார்கள். சுவர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. ஊரே கொண்டாடியது. கடைசிப் பதினாறு அணிகளில் எங்கள் கழுதைகளும் உண்டு!

ஆனால் அன்று சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேவிஸ் சுட்ட சர்க்கரைக் கிரீம் பை என்ற இனிப்பு அப்படியே தட்டில் கிடந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து கழுதைகளுக்காகக் கத்துகிறவன் நான். மழையிலும் பனியிலும் கத்தியிருக்கிறேன். இத்தனை வருஷமும் அவர்கள் தோற்றதற்கு நானேதான் காரணமா?

"ஏங்க, பை எடுத்துக்கலையா?"

"நான் தரித்திரம், மேவிஸ்."

"யார் சொன்னா? விதை முளைக்கலன்னா உடனே விதை மேல பழி போடுவீங்களா?"

"மாட்டேன். மண்ணையும் பாக்கணும். விதைய வேற மண்ணுல போடணும், அந்த மண்ணுல வேற விதையப் போடணும்."

"அப்போ உங்களையும் அந்த நாற்காலியையும் பிரிச்சு வெச்சுப் பாருங்க."

நான் அவளையே பார்த்தேன். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்ததில் அவளுக்கும் கொஞ்சம் விஞ்ஞானம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பூரித்துப்போய், இரண்டு துண்டு பை சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது ஆட்டம். எதிரே இரண்டாம் விதை, வேட்டைநாய்கள். முதல் பாதியைச் சோதனைக்கு ஒதுக்கினோம். நான்தான் ஆராய்ச்சியாளன். ஆனால் சோதிக்கப்படுகிறவனே சோதனையை நடத்தக் கூடாதாம், மேவிஸ் சொன்னாள். எனவே அவள் பின்னால் நின்று உத்தரவு போட்டாள்.

"சமையலறை ஸ்டூல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன். கழுதைகள் கூடை போட்டார்கள்.

"இப்ப உங்க நாற்காலி."

உட்கார்ந்தேன். வேட்டைநாய் ஒருவன் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினான்.

"மறுபடி ஸ்டூலு."

கூடை!

"இப்ப நானே உங்க நாற்காலியில உக்கார்றேன்."

அவள் முந்தானை... மன்னிக்கவும், ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். எங்கள் பையன் எறிந்த பந்து வளையத்தை மூன்று முறை சுற்றிவிட்டு வெளியே விழுந்தது.

மேவிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? நான் உக்காந்தாலும் போகுது. உங்க மேல ஒரு தப்பும் இல்லங்க. எல்லாம் இந்த மண்ணு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் குற்றவாளி இல்லை! இடைவேளை விட்டதும் நாற்காலியைக் கட்டிப்பிடித்து வாசல் வரை இழுத்தேன். ஸ்பிரிங் கடைசி முறையாக என்னைக் குத்தியது. ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் சொந்தபந்தம் பார்க்க முடியுமா? மேவிஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்த விளக்கையும் மிதியடியையும் எப்போது ஒதுக்கினாள் என்று தெரியவில்லை.

தெருவோரம் வைத்ததும் டுவைட் வந்தான்.

"தூக்கியா போடுற?"

"தொடாதே டுவைட். தரித்திரம் புடிச்சது."

"எங்க கராஜுல தரித்திரத்துக்கு எடம் இருக்குய்யா" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாம் பாதியில் கழுதைகள் பறந்தார்கள். பின்னால் கிடந்தவர்கள் சமன் செய்து, முந்தி, கடைசி வினாடிகளில் ஒரு புள்ளி முன்னால் நின்றார்கள். நான் ஸ்டூலில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. திரையில் வேட்டைநாய்ப் பையன் பந்தை வெளியிலிருந்து எறிவதற்காகக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னும் எறியவே இல்லை.

டுவைட்டின் கராஜிலிருந்து ஒரு அலறல் வந்தது.

"அடப் பாவிங்களா! போச்சே! எல்லாம் போச்சே!"

"இவனுக்கு என்ன வந்துச்சு?" என்றேன்.

அப்புறம்தான் திரையில் பந்து உள்ளே வந்தது. அவர்கள் அணியில் அன்று முழுக்க ஒரு கூடைகூடப் போடாத பொடியன் ஒருவன் மைதானத்தின் நடுவிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, குப்பையை வீசுகிற மாதிரி வீசினான். வளையத்தின் நடுவே விழுந்தது. சங்கு ஊதிவிட்டார்கள். கழுதைகள் மூட்டை கட்டினார்கள்.

எங்கள் பையன்கள் தரையில் படுத்து அழுதார்கள். நானும் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் பாழாய்ப்போன ஆராய்ச்சிப் புத்தி, அழும்போதும் ஒரு கேள்வி கேட்டது. பந்தை எறியும் முன்பே டுவைட் எப்படி அலறினான்?

ஓடினேன். கராஜில் என் நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தான். பக்கத்தில் பெயிண்ட் டப்பா மேல் ரேடியோ.

"நீ இதுல உக்காந்ததாலதான்டா தோத்தோம்!"

"யோவ், இடைவேளையிலேருந்து இதுலதான் உக்காந்திருக்கேன். அப்புறம்தானே நம்ம பசங்க முந்துனாங்க!"

என் கொள்கைக்கு வேர் அறுந்தது.

"அது போகட்டும். பந்து விழறதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ரேடியோய்யா. உடனுக்குடனே சொல்லிருவான். உன் இணைய டிவிக்கு எல்லாம் அரை நிமிஷம் லேட்டாத்தான் வரும். கேபிளக் கழட்டுனப்பவே தலையில அடிச்சுக்கிட்டேனே, மறந்துட்டியா?"

மெதுவாக வீட்டுக்கு நடந்தேன். ஜன்னலோரம், கம்பளத்தில் நாற்காலிக்கால் பதிந்த பள்ளம்கூட மறையவில்லை. அதற்குள் அதன் மேல் தையல் சட்டம் நின்றது. மேவிஸ் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். காதில் இயர்போன்.

"ரேடியோவா, மேவிஸ்?"

"ஆமாங்க."

"என்னைக்கிலேருந்து?"

"பெருக்க வந்தேன்ல, அன்னைக்கிலேருந்து. மொதல்ல தற்செயல்தாங்க. நீங்க எந்திரிச்சீங்க, விழுந்துச்சு. அப்புறம் காதுல கேட்டுக் கேட்டு எழுப்புனேன்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆர்வம்.

"அப்போ யார் ஜெயிப்பாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அது எப்படிங்க தெரியும்? அரை நிமிஷத்துக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியாது. அந்தப் பசங்க அடுத்து என்ன செய்வாங்கன்னு அவங்களுக்கே தெரியாது." நூலைப் பல்லால் கடித்தாள். "நீங்க என்ன செய்வீங்கன்னுதான் எனக்குத் தெரியும்."

உட்காரலாம் என்று திரும்பினேன். சோபா முழுக்கத் துணித்துண்டுகள். ஸ்டூலில் ஊசிப்பெட்டி. வெளியே போனேன். மேவிஸ் ஜன்னல் வழியாக ஒரு தட்டில் பை நீட்டினாள்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். நல்ல வேளை, அதை நானே என் கையால் கட்டி வைத்திருந்தேன்.